முதல்வேல் யாருக்குப் போனது?

உதட்டசைவுக்கு வார்த்தை பொருத்துவது எப்படி என்று நான் சொல்லித்தருவேன் என நினைத்து நீங்கள் வந்திருக்கலாம். அது வேலையில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும். வராதவர்கள் சீக்கிரமே வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். நான் பேச நினைப்பது ஹெஷ்மார் பேரரசைப் பற்றி. பூமியிலேயே இல்லாத அந்த நாட்டுக்கு மூன்று சீசன் தமிழ் வசனம் எழுதினேன். ஓய்வு பெறுவதற்கு முன் நான் செய்த கடைசிப் பெரிய வேலை அது. அங்கே இப்போது யார் ஆட்சி என்று இன்றைக்கும் தெருவில் யாராவது நிறுத்திக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாமல் எப்படி எழுதினேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பல வருடங்கள் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் டப்பிங் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு எங்கள் ஊர்க்காரர் பிரகாஷ், சென்னையில் சவுண்ட் என்ஜினீயராக இருந்தவர், ஊருக்குள்ளேயே செவிலிமேட்டில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்து, சின்னதாக ஒரு ஸ்டூடியோ போட்டார். தெருமுனையில் டவுன் பஸ் திரும்பும்போது ஹாரன் அடித்தால் மைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அந்த மாடிக்குத்தான் ஹெஷ்மார் வந்து சேர்ந்தது.

வந்தது என்றால் முழுதாக வரவில்லை. கதை வெளியே கசிந்துவிடக் கூடாது என்று அந்த ஆங்கிலத் தொடரைத் தயாரித்த நிறுவனம் படத்தை மறைத்து அனுப்பும். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு வாய். பேசுகிறவரின் வாய் மட்டும்தான் தெரியும். ஹெஷ்மார் வீரர்கள் எல்லோருக்கும் சாம்பல் நிற உதடு, இரண்டு வரிசைப் பல். யார் யாரைக் கொல்கிறார், யார் யாரைப் பார்த்து மண்டியிடுகிறார் எதுவும் தெரியாது. எனக்கு முன்பே இந்தத் தொழிலில் இருந்த ஒருவர், "குழப்பம் வந்தால் கதையை முதலிலிருந்து முழுசாப் படி" என்று சொல்வார். அவர் காலத்தில் கதை முழுசாக வந்தது.

அந்நாட்டு அரசருக்கு ஆங்கிலத்தில் 'முதல் ஈட்டி' என்று பொருள்படும் பட்டம். நான் 'முதல்வேல்' என்று எழுதினேன். பிரகாஷுக்குப் பயம்.

"மேடம், ஃபாஸ்ட்டா சொன்னா 'முதல்வர்'னு கேக்குது. நமக்கு எதுக்கு மேடம் வம்பு?"

"மெதுவா சொன்னா போச்சு. நம்ம குமரக்கோட்டத்து முருகன் கையில இல்லாத வேலா?" என்றார் ஏகாம்பரம் அண்ணன். பட்டம் நிலைத்தது.

ஏகாம்பரம் அண்ணன் பட்டு நெசவாளர். திருவிழாக் காலத்தில் கோயிலில் மைக் பிடித்து, தொலைந்த பிள்ளைகளையும் அன்னதானத்தையும் அறிவிப்பவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி உறுதியான குரல். பிரகாஷ் அந்த மைக்கில்தான் அவரைக் கண்டுபிடித்தார். முதல்வேல் தாரோக்குக்கு அவர்தான் குரல். தாரோக்கின் படைத்தலைவி இஷ்ராவுக்குக் குரல் கொடுத்தவர் ஹேமா. சின்னக் காஞ்சிபுரத்துப் பெண். வங்கியில் வேலை, சனி ஞாயிறு எங்களோடு.

ஹெஷ்மாரில் முதலில் இருந்த சட்டம் எளிது. தகப்பன் வழி. அரசருக்குப் பின் மகன், மகன் இல்லாவிட்டால் சகோதரனின் மகன். தாரோக்குக்குப் பிள்ளை இல்லை. அவருடைய சகோதரனும் சகோதரியும் ஒரே கப்பலில் எரிந்து செத்துப்போனார்கள். அந்தக் கப்பலிலிருந்து மீட்ட ஒரே ஒரு கைக்குழந்தை நெரூத். அவன் சகோதரனின் பிள்ளையா சகோதரியின் பிள்ளையா என்று சொல்ல ஆள் மிஞ்சவில்லை. தாரோக் அவனை வளர்த்தார். தோற்ற எதிரியிடமிருந்து பிணையாகக் கொண்டுவந்த சிறுமி இஷ்ராவையும் கூடவே வளர்த்தார். கதை இவ்வளவுதான். இதற்குள்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் சீசன் கடைசியில் தாரோக் ஒரு பெரிய போரில் தோற்கிறார். ஏழு குலத் தலைவர்கள் கூடி அவரை ஆசனத்திலிருந்து இறக்குகிறார்கள். ஆங்கிலத்தில் காட்சி முழுக்க ஒரே 'யூ'. ஆசனத்தில் இருக்கும்போதும் அதுதான், தரையில் நிற்கும்போதும் அதுதான். தமிழில் அப்படி விட முடியுமா? 'தாங்கள்' எந்த நொடியில் 'நீ' ஆகிறது? வேலைக் கீழே வைக்கும்போதா, தலைவர்கள் எழுந்து நிற்கும்போதா, கதவு திறக்கும்போதே ஆகிவிட்டதா? அந்த வாய் வட்டத்தை எத்தனை தடவை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வழியாக "இறங்கு கீழே" என்று எழுதிக்கொண்டு போனேன்.

ஏகாம்பரம் அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"தங்கச்சி, இப்பிடிச் சொன்னா நான் எறங்க மாட்டேன்."

"நீங்க இல்லண்ணா, தாரோக்."

"தாரோக்குந்தான் எறங்க மாட்டான். நேத்து வரைக்கும் கால்ல வுழுந்துக்கினு இருந்தவன் இன்னிக்கு எறங்குன்னா, வேலை எடுத்துக் குத்திட மாட்டானா? அவன் குத்தல இல்ல? அப்ப மரியாதையாத்தான் சொல்லியிருக்கணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் 'தாங்கள் இறங்குங்கள்' என்றால் பதவி பறிப்பதாகவே தெரியவில்லை. கல்யாண மேடையிலிருந்து மாப்பிள்ளையை இறக்குவதுபோல் இருந்தது. ஹேமா தன் முறைக்காகக் காத்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எங்க அம்மா ஒரு பெரியப்பாவோட கோவிச்சுண்டு பத்து வருஷம் பேசல. அப்புறம் அவர் ஒரு விசேஷத்துக்கு வந்தார். அம்மா வாங்கன்னும் சொல்லல, வான்னும் சொல்லல. 'வரலாம், சாப்பிட இலை போட்டாச்சு'ன்னா. பெரியப்பா முகம் செத்துப்போச்சு."

எனக்கு வழி கிடைத்தது. தாரோக் வேலைத் தரையில் ஊன்றும் வரை 'தாங்கள்'. அதற்குப் பிறகு அவரை யாரும் எதுவுமாகவும் அழைக்கவில்லை. "இறங்கலாம்." "கதவு திறந்திருக்கிறது." "வெளியே குதிரை நிற்கிறது." தாங்களும் இல்லை, நீயும் இல்லை. ஏகாம்பரம் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆங்" என்றார் பிறகு. "இப்ப எறங்குவான்."

குதிரை இல்லை, அது ஏதோ ஆறுகால் விலங்கு என்று பிற்பாடு தெரிந்தது. அதை விடுங்கள். நம் மொழியில் ஆட்சி மாறினால் முதலில் மாறுவது விகுதி. எது சரி என்று தெரியாவிட்டால் தமிழில் பெயரே சொல்லாமல் பேச ஒரு இடம் இருக்கிறது. தப்பிக்க மட்டுமல்ல, தண்டிக்கவும் அந்த இடம் உதவும்.

இரண்டாவது சீசனில் எழுவர் அவை ஆட்சி. தாரோக் வைத்துப் போன வேலை மண்டபத்தின் நடுவில் நட்டுவிட்டார்கள். யாரும் அதை எடுக்கக் கூடாது, பேச விரும்புகிறவர் அதன்மேல் கை வைத்துப் பேசலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கை வைத்தவர் சொல்வதெல்லாம் ஆணை ஆனது. காலையில் ஒரு ஆணை, மாலையில் அதற்கு எதிராக இன்னொன்று. படைகள் பாதி வழி போய்த் திரும்பின. எனக்கு வந்ததோ ஏழு சாம்பல் வாய்கள். ஒரு குலத் தலைவரின் வசனத்தை இன்னொருவர் குரலில் பதிவு செய்து, கண்டுபிடித்து, திரும்பப் பதிவு செய்தோம்.

அந்தக் குழப்பத்திலேயே அவை ஒரு காரியம் செய்தது. வாரிசுச் சட்டத்தை மாற்றியது. எங்கள் ஆண்கள் போரில் சாகிறார்கள், எந்தப் பிள்ளை யாருடையது என்று தகப்பனைக் கேட்க முடியவில்லை, இனித் தாய் வழிதான் என்றார்கள். அரசருக்குப் பின் அரசரின் சகோதரி பெற்ற பிள்ளை. "ரத்தம் தாயின் வழியே ஓடும்" என்று நான் எழுதினேன். எழுதியபோது எனக்கே பிடித்திருந்தது.

மூன்றாவது சீசனில் அவை உடைந்தது. படை போய்த் தாரோக்கைக் காட்டிலிருந்து கூட்டிவந்து மறுபடி முதல்வேல் ஆக்கியது. பழைய சட்டத்தின்படியா புதிய சட்டத்தின்படியா என்று ஒருவரும் சொல்லவில்லை. தாரோக்கும் கேட்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் காயப்பட்டுக் கிடக்கிறார். நெரூத் ஒரு பக்கம், இஷ்ரா ஒரு பக்கம் என்று குறிப்பு மட்டும் இருந்தது. அவர் சொல்லும் கடைசி வார்த்தை: என் வேல் என் 'நெஃப்யூ'வுக்கு.

உங்களுக்குப் புரிந்திருக்கும். தமிழில் அந்த ஒரு வார்த்தை கிடையாது. சகோதரியின் பிள்ளை மருமகன். சகோதரனின் பிள்ளை மகன் முறை. மருமகன் என்று எழுதினால் நெரூத் சகோதரி பிள்ளை, புதிய சட்டப்படி அரசன், அவை செய்ததைத் தாரோக் ஏற்றுக்கொண்டார் என்று ஆகும். சகோதரன் மகன் என்றால் பழைய சட்டம், அவையின் சட்டம் செல்லாது என்று ஆகும். ஹெஷ்மாரில் ஒருவருக்கும் தெரியாத உண்மையை நான் போட்டு உடைப்பேன். அந்தக் கதையை எழுதியவர்கள் அந்த முடிச்சை வேண்டுமென்றே போட்டிருந்தார்கள். அடுத்த சீசன் முழுக்க அதன்மேல்தான் நிற்கும் என்று யாருக்கும் தெரியும்.

அந்த நிறுவனத்தின் மும்பை அலுவலகத்துக்குக் கேட்டு எழுதினேன். "மூலத்தில் உள்ளபடியே வைக்கவும்" என்று பதில் வந்தது.

அவகாசம் எடுத்து யோசிக்கவும் முடியவில்லை. ஏகாம்பரம் அண்ணனுக்குச் சில மாதங்களாகவே குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. தொண்டையில் கட்டி என்றார்கள். பதிவு நாளுக்கு அடுத்த காலையே அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னை மருத்துவமனையில் சேர வேண்டும். பிறகு குரல் எப்படி இருக்கும் என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. தாரோக் சாக வேண்டுமென்றால் அன்றைக்கே சாக வேண்டும்.

மதியம் மாடிக்கு வந்தார். வெந்நீர் பிளாஸ்க்கோடு அவர் மனைவி கீழேயே உட்கார்ந்துவிட்டார். நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது.

"பேரையே போட்ருங்க மேடம். 'நெரூத்துக்கு'ன்னு. கிளியர்" என்றார் பிரகாஷ்.

"மூலத்துல பேர் இல்லயே. பேர் சொல்லிட்டா அவன் எந்த உரிமைல வரான்ங்கற கேள்வியே போயிடும்."

"'என் ரத்தத்துக்கு'ன்னு வைக்கலாமா அக்கா?" என்றாள் ஹேமா.

நல்ல வார்த்தைதான். ஆனால் ரத்தம் தாயின் வழியே ஓடும் என்று போன சீசனில் நானே சட்டம் எழுதி வைத்திருந்தேன். அதைச் சொன்னால் அவை பக்கம் சாய்ந்துவிடும். பஸ் ஒன்று திரும்பி ஹாரன் அடித்தது.

ஏகாம்பரம் அண்ணன்தான் கேட்டார். "யாருக்குமா குடுக்கறேன்?"

"அதான்ணா தெரியல."

"உனக்குத் தெரியாம இருக்கலாம் தங்கச்சி. பாக்கறவனுக்கும் தெரியாம இருக்கலாம். சொல்றவன் எனக்குத் தெரிய வாணாமா? யாரு மூஞ்சியப் பாத்து நான் சொல்றது?"

"தாரோக்குக்கே தெரியாது. அந்தக் குழந்தை யாரோடதுன்னு அவருக்கும் தெரியாது. எடுத்து வளர்த்தார், அவ்வளவுதான்."

"பின்ன என்னா? அதைச் சொல்லிட்டுப் போறான்."

அப்படித்தான் அந்த வார்த்தை வந்தது. 'என் வேல், நான் வளர்த்த பிள்ளைக்கு.' எழுதினேன். வாய் வட்டத்தோடு பொருத்திப் பார்த்தோம். கொஞ்சம் நீளம். 'நான்' என்பதைக் கொஞ்சம் விழுங்கினால் பொருந்தியது. யாருடைய பிள்ளை என்று அதில் இல்லை. எந்தச் சட்டம் என்று இல்லை. முடிச்சு அவிழவில்லை என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்.

முதல் தடவை நெரூத்தை மனசில் வைத்துச் சொல்லச் சொன்னேன். ஆணை மாதிரி வந்தது. சாகிறவன் குரலாக இல்லை. என்ன தோன்றியதோ, இரண்டாம் தடவை இஷ்ராவை மனசில் வைக்கச் சொன்னேன். குரல் கனிந்து, கெஞ்சல் போல ஆகிவிட்டது. எனக்கு எது வேண்டும் என்றே தெரியவில்லை.

"நீ எதுவும் சொல்லாத தங்கச்சி. ஒருவாட்டி நானா சொல்லிப் பாக்கறேன்" என்றார். வெந்நீர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். சொன்னார்.

கட்டளையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கைப்பொருளை இருட்டில் நீட்டி, எதிரே யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று காத்திருப்பதுபோல் இருந்தது. பிரகாஷ் நிறுத்தும் பட்டனை அழுத்த மறந்து உட்கார்ந்திருந்தார். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அதைத்தான் அனுப்பினோம்.

அடுத்து ஹேமாவின் வசனம். இஷ்ரா ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள்: "கேட்டேன்." ஹேமாவுக்குக் குரல் உடைந்தது. வளர்த்தவர் சாகும் துக்கம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

சில நாள் கழித்து மும்பையிலிருந்து ஒரு பெண் தொலைபேசினார். அவர்கள் என் தமிழை யாரிடமோ கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்திருந்தார்கள்.

"இதில் நெஃப்யூ எங்கே போனான்? உங்கள் மொழியில் அதற்கு வார்த்தை இல்லையா?"

"இருக்கிறது. தேவைக்கு மேல் இருக்கிறது. அதுதான் பிரச்சினை" என்றேன். தாய்மாமன், அத்தை, பெரியப்பா, சித்தப்பா, முறை, கட்டிக்கொடுப்பது, கட்டிக்கொடுக்கக் கூடாதது எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆனால் நீங்கள் எழுதியதில் அந்தப் பெண்ணும் வருகிறாளே. இஷ்ராவையும் அவர்தானே வளர்த்தார்?"

அந்த நொடிதான் எனக்கு உறைத்தது. ஆங்கிலத்து வார்த்தையில் இஷ்ராவுக்கு இடமே இல்லை. என் தமிழில் பிள்ளை என்றால் ஆணும்தான், பெண்ணும்தான். ஒரு முடிச்சைக் காப்பாற்றப் போய், அவர்கள் போடாத இன்னொரு முடிச்சை நான் போட்டிருந்தேன். பூட்டிய வீட்டைப் பத்திரமாகக் காவல் காத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததுபோல.

"அப்படியானால் தமிழில் யார் அரசர்?" என்றார்.

"கதை எழுதியவர்களைக் கேட்டுச் சொல்லுங்களேன். திருத்தித் தருகிறேன்."

"அவர்களே இன்னும் முடிவு செய்யவில்லை."

மாற்ற வேண்டுமென்றால் வேறு குரலில்தான் மாற்ற முடியும் என்றேன். அண்ணன் அப்போது மருத்துவமனையில் தொண்டையில் கட்டோடு படுத்திருந்தார். பிரகாஷ் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வேலை திரும்பிப் போனால் அந்த மாடிக்கு வேறு வேலை வராது. அந்தப் பெண் பதிவை இன்னொரு முறை கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனை வைத்தார். மாலையில் அழைத்தார். "எனக்கு உங்கள் மொழி தெரியாது. ஆனால் இதை நான் மாற்றச் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஹேமாவிடம் இதைச் சொன்னபோது அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. எனக்குத்தான் குடுக்கறார்னு நெனச்சுத்தான் 'கேட்டேன்'னு சொன்னேன். நீங்க தெரிஞ்சுதான் எழுதினேள்னு நெனச்சேன்."

தொடர் வெளிவந்தது. எங்கள் ஊரில் கொஞ்ச காலம் இதே பேச்சு. மற்ற மொழிக்காரர்கள் நெரூத் யார் பிள்ளை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, தமிழில் பார்த்தவர்கள் நெரூத்தா இஷ்ராவா என்று சண்டை போட்டார்கள். மருந்துக் கடையில் என்னை அடையாளம் கண்டு ஒருவர், "பொண்ணுக்குத்தானம்மா? அப்பிடித்தானம்மா எழுதினீங்க?" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற அவர் மகன், "அப்பா, அவன்தான் ரியல் வாரிசு, உனக்குப் புரியல" என்றான். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்காவது சீசன் வரவில்லை. நிறுவனம் தொடரை நிறுத்திவிட்டது. காரணம் யாரும் சொல்லவில்லை. ஹெஷ்மாரில் வேல் நீட்டியபடியே நின்றுவிட்டது. தகப்பன் வழியா, தாய் வழியா, வளர்த்த வழியா, எது சட்டம் என்று சொல்ல அங்கே இப்போது யாரும் இல்லை.

என்னிடம் அறிவுரை எதிர்பார்த்தீர்கள் என்றால் ஒன்றுதான் உண்டு, அதுவும் அரைகுறை. மூலத்தின் குழப்பத்தை நீங்கள் தெளிவாக்க வேண்டாம். ஆனால் உங்கள் மொழி தன் பங்குக்கு ஒரு குழப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அது எந்தக் கதவு வழியாக வரும் என்று முன்கூட்டித் தெரியாது. எழுதிய வார்த்தை யாருக்கு அதிகம் வேண்டியிருக்கிறதோ அவர் காதால் அதை ஒருமுறை கேளுங்கள். நான் ஹேமாவின் காதால் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாற்றியிருப்பேனா என்றால், அதுவும் தெரியவில்லை.

ஏகாம்பரம் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டி பயப்படும்படியானது இல்லை என்று வந்திருந்தது. அந்த மட்டுக்கு நல்லது. ஆனால் குரல் மெலிந்து, காற்றில் பாதி போய், பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்டது. கோயில் மைக்குக்கு வேறொருவர் வந்துவிட்டார். தறியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தறி ஓட்டுவதை நிறுத்தினார்.

வெகுநாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். "அண்ணா, கடைசியா ஒருதடவை நீங்களா சொன்னீங்களே. அப்ப யாரை நெனச்சுக்கிட்டீங்க? நெரூத்தா, இஷ்ராவா?"

அவர் சிரித்தார். சிரிப்பிலும் சத்தம் வரவில்லை.

"அதுங்க ரெண்டையும் நான் எங்கமா நெனச்சேன்? மறுநா ஆபரேசன். இந்தக் கொரலு போயிடுமேன்னுதான் இருந்திச்சு. போனா யாருக்குப் போவும்னு நெனச்சிக்கினே சொன்னேன்."

அவர் நூல் ஒன்றை விரலால் தடவிச் சரிசெய்தார். பிறகு என்னைப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவராகக் கேட்டார்.

"போச்சாமா? யாருக்காச்சும்?"

"தெரியலண்ணா" என்றேன்.